ஒரு லைசென்ஸும் இரண்டு கம்ப்யூட்டரும்

நம் முன்னோர் காலத்தில் கொடுக்கல் வாங்கலில் எழுந்த மஸ்அலாக்கள் பெரும்பாலும் கண்ணால் காணக்கூடிய பொருள்களைப் பற்றியே இருந்தன. ஒட்டகம், பேரீச்சந் தோட்டம், கிணறு, வீடு, தானியம் ஆகியவையே பிக்ஹுக் கிதாபுகளில் உதாரணங்களாக வருகின்றன. இன்று நம் வீடுகளிலும் கடைகளிலும் புழங்குகிற ஒரு சரக்கோ தொட்டுப் பார்க்க முடியாதது. ஆயிரம் பிரதி எடுத்தாலும் அசல் குறையாதது. எடுத்தவனை எவரும் காணாதது. அதுதான் மென்பொருள். இத்தகைய சரக்கைக் கொடுப்பவர் விதிக்கும் ஷரத்து, அதை வாங்கும் முஸ்லிமை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும்?

கேள்வியை இன்னும் கூர்மையாக்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் இயங்குவதற்கு விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் போன்ற ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனுள் மற்றொரு கம்ப்யூட்டர் இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கி, அந்தத் தோற்றக் கம்ப்யூட்டரில் வேறோர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி ஓட்டலாம். இதற்கு வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒரே வீட்டில் தட்டி மறைத்து ஒண்டுக் குடித்தனம் வைப்பதைப் போன்றது இது. வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு. ஐபிஎம் கம்பெனி தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக இந்த வசதியை 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் அறிவித்தது. மேசைக் கம்ப்யூட்டருக்கு விஎம்வேர் கம்பெனி 1999-ல் கொண்டுவந்தது. இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட அரை மணி நேரத்தில் செய்துவிடுகிறது.

ஒரு வியாபாரியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். கடைக் கணக்கு எழுதும் மென்பொருள், விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது. எக்ஸ்பிக்கு மைக்ரோஸாஃப்ட் கம்பெனி அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய கம்ப்யூட்டரும் பழுதாகிவிட்டது. புதியதில் கணக்கு மென்பொருள் ஓட மறுக்கிறது. மகன் ஒரு வெர்ச்சுவல் மெஷின் அமைத்து, பழைய எக்ஸ்பியை அதில் ஏற்றி, “ஓடுகிறது அத்தா” என்கிறான். தகப்பனாருக்குப் பெரிய மகிழ்ச்சி. அதே வீட்டில் கல்லூரியில் படிக்கும் மகள், நெட்வொர்க் பாடத்துக்காக ஒரே விண்டோஸ் சாவி எண்ணைக் கொண்டு மூன்று வெர்ச்சுவல் மெஷின்களை எழுப்பி வைத்திருக்கிறாள். இருவரும் தொழுகையாளிகள். பிறர் தோட்டத்தில் விழுந்த மாங்காயைக்கூடக் கேளாமல் எடுக்காதவர்கள். இங்கே கேட்பதற்கு ஏதேனும் இருக்கிறது என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் மீது கோபித்துப் பயனில்லை. இந்தப் பொருளில் களவு களவைப் போல் தெரிவதே இல்லை.

இனி, ஷரத்து என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் 11-ஐ நிறுவும்போது, “ஏற்கிறேன்” என்று நாம் அழுத்துகிற உடன்படிக்கையின் கருத்து இதுவே: ஒரு லைசென்ஸுக்கு ஒரு சாதனத்தில் ஒரு நிறுவல். அந்தச் சாதனம் மெய்யான கம்ப்யூட்டராயினும் சரி, தோற்றக் கம்ப்யூட்டராயினும் சரி, கணக்கு ஒன்றே. மேலும் ஒரு வெர்ச்சுவல் மெஷினில் ஏற்ற விரும்பினால் அதற்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். கம்ப்யூட்டருடனேயே சேர்ந்து வந்த லைசென்ஸாக இருந்தால் அது அந்தக் கம்ப்யூட்டரைப் பிரிந்து வேறிடம் குடிபோகாது. தனியே கடையில் வாங்கியதாக இருந்தால், பழைய இடத்திலிருந்து அகற்றிவிட்டுப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆகவே அந்த வியாபாரியின் எக்ஸ்பி எப்படி வந்தது என்பதைப் பொறுத்தே விடை மாறும். மகளின் விஷயத்தில் அந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு சாவியால் மூன்று கதவுகளைத் திறந்திருக்கிறாள்.

“இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கம்ப்யூட்டர் ஒன்று; உட்கார்ந்திருப்பவளும் ஒருத்தி. மூன்றையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளால் ஓட்ட முடியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. இது அற்பமான வாதமன்று. நம் பிக்ஹு இதைப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறு உருவத்தில் சந்தித்திருக்கிறது. மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயாவில் வாடகைப் பாடம் அறிந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒருவர் குறிப்பிட்ட அளவு கோதுமை ஏற்றுவதாகப் பேசி ஒரு மிருகத்தை வாடகைக்கு அமர்த்துகிறார். கோதுமைக்குப் பதிலாக அதே அளவு வாற்கோதுமையை ஏற்றினால் குற்றமில்லை. ஏனெனில் மிருகத்துக்கு அது கோதுமையைவிடக் கூடுதல் சிரமம் தருவதில்லை. உப்பையோ இரும்பையோ ஏற்றக் கூடாது. அவை கூடுதல் சிரமம் தரும். பொருளின் பெயர் மாறியதற்காக மட்டும் ஹனஃபி இமாம்கள் ஒருவரைக் குற்றவாளியாக்கவில்லை; உரிமையாளருக்குக் கேடு நேர்கிறதா என்று பார்த்தார்கள்.

அப்படியானால் வெர்ச்சுவல் மெஷின் வாற்கோதுமையா, இரும்பா? வாற்கோதுமை என்று சொல்லத்தான் மனம் விரும்பும். எதுவும் தேயவில்லை, எதுவும் உடையவில்லை அல்லவா? ஆனால் அந்த மஸ்அலாவில் பேசிய அளவு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து மரக்கால் பேசி, ஐந்து மரக்கால்தான் ஏற்றினார். ஐந்து பேசிவிட்டுப் பதினைந்து ஏற்றுவதற்கு அங்கே இடம் கொடுக்கப்படவில்லை. மென்பொருள் வியாபாரத்தில் எண்ணிக்கையே சரக்கு. வேறு சரக்கு இல்லை. இதற்கு நல்ல சான்று விண்டோஸ் ஸர்வரின் விலை முறை. ஒரு ஸர்வரின் எல்லாக் கோர்களுக்கும், குறைந்தது 16 கோர்களுக்கு, லைசென்ஸ் எடுத்தால் ஸ்டாண்டர்ட் பதிப்பில் இரண்டு வெர்ச்சுவல் மெஷின்களில் ஓட்டலாம். டேட்டாசென்டர் பதிப்பிலோ எத்தனையிலும் ஓட்டலாம். விலை பல மடங்கு. இரண்டு பதிப்புகளுக்கும் வேறு சில வேற்றுமைகள் உண்டென்றாலும், பலர் கூடுதல் விலை கொடுப்பது இந்த எண்ணிக்கைக்காகவே. தோற்றக் கம்ப்யூட்டரை எண்ணித்தான் காசு வாங்குகிறார்கள் என்றால், எண்ணாமல் எடுப்பது அளவில் கூடுதலாக எடுப்பதே. மதீனத்துச் சந்தையில் அளவையும் நிறுவையும் சீர்படுத்த ஓர் அத்தியாயமே இறங்கிற்று என்பதை நாம் அறிவோம்.

இதற்கு அடிப்படையான வேறொரு கேள்வியும் உண்டு. உருவமற்ற இந்தப் பொருளுக்கு உரிமையாளர் என்று ஒருவர் ஷரீஅத்தில் உண்டா? சென்ற நூற்றாண்டில் உலமாக்களிடையே இது கருத்து வேற்றுமைக்குரியதாகவே இருந்தது. கையில் பிடிக்க முடியாத உரிமை, விற்கத்தக்க சொத்தாகாது என்று கூறிய ஹனஃபி அறிஞர்கள் உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வியாபாரப் பெயர் ஆகியவை அவரவர்க்குரிய சொத்துரிமைகளே என்றும், இக்காலத்து வழக்கில் அவற்றுக்குப் பண மதிப்பு ஏற்பட்டுவிட்டதென்றும், அவற்றில் அத்துமீறுவது ஆகாதென்றும் தீர்மானித்தது. மென்பொருளை இந்தத் தீர்மானத்தின் கீழ்க் கொண்டுவருவதில் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, இது விற்பனையா, வாடகையா, வெறும் அனுமதியா? நம்மிடையே ஷாஃபிஈ மத்ஹபினரும் உளர், ஹனஃபி மத்ஹபினரும் உளர். விற்பனை என்று வைத்தால், விற்ற பிறகும் வாங்கியவனின் கையைக் கட்டுகிற ஷரத்துகளை இவ்விரு மத்ஹபுகளும் எளிதில் ஏற்பதில்லை. ஹன்பலி அறிஞர்கள் இன்னும் தாராளமாக ஏற்கிறார்கள். ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களுக்கு விற்றபோது, மதீனா போய்ச் சேரும் வரை அதில் தாமே ஏறிவருவதாகப் பேசிக்கொண்ட ஹதீஸ், இந்த விவாதம் முழுவதிலும் எடுத்துக்காட்டப்படுவது. “விற்ற பிறகு என்னய்யா ஷரத்து?” என்று லைசென்ஸை மறுப்பவர், தம்மை அறியாமல் ஒரு பழைய பிக்ஹு விவாதத்தில்தான் கால் வைக்கிறார்.

வியப்பு என்னவென்றால், மேற்கத்திய நீதிமன்றங்களும் இதே இடத்தில்தான் இரண்டாகப் பிரிந்தன. அமெரிக்காவில் 2010-ல் வெர்னர் என்பவருக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், வாங்கியவர் உரிமையாளர் அல்லர், லைசென்ஸ்தாரர் மட்டுமே என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. 2012-ல் யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ, காலவரம்பின்றி விலை பேசிக் கொடுத்தால் அது விற்பனையே, வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்றது. ஆனால் அதே தீர்ப்பில், விற்பவர் தம்மிடமுள்ள பிரதியைப் பயன்படாமல் செய்துவிட வேண்டும், பலர் பயன்பாட்டுக்கென வாங்கிய லைசென்ஸைக் கூறுபோட்டு விற்கக் கூடாது என்றும் கூறியிருக்கிறது. அதாவது, விற்பனை என்று கொண்டவர்களும் ஒன்றை ஒன்றாகவே வைத்தார்கள், இரண்டாக்க விடவில்லை. ஆகவே நம் வீட்டு மகளின் மூன்று வெர்ச்சுவல் மெஷின்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் ஆதாரம் கிடைப்பதாக இல்லை. ஒட்டகத்தை விலைக்கு வாங்கியவருக்கும் ஒட்டகம் ஒன்றுதான்.

இன்னும் சில ஆட்சேபங்கள் உள்ளன. பரீரா (ரலி) அவர்களின் ஹதீஸைச் சிலர் காட்டுவார்கள். அல்லாஹ்வின் வேதத்துக்கு முரணான ஷரத்து நூறு இருந்தாலும் செல்லாது என்ற கருத்து அதில் உள்ளது. மெய்தான். ஆயினும் அங்கே விற்றவர்கள் கேட்டது, விடுதலை செய்தவருக்கு மார்க்கம் கொடுத்த உரிமையைத் தாங்கள் வைத்துக்கொள்வதை. ஒரு லைசென்ஸுக்கு ஒரு நிறுவல் என்பது எந்த ஹராமையும் ஹலாலாக்கவில்லை. எந்த ஹலாலையும் ஹராமாக்கவில்லை. முஸ்லிம்கள் தங்கள் ஷரத்துகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற ஹதீஸ் விலக்கி வைத்திருப்பது இந்த இரண்டு வகையையும்தான்.

“நாற்பது பக்கத்தை யார் படிக்கிறார்கள்? ஏற்காவிட்டால் கம்ப்யூட்டரே திறக்காது. இது சம்மதமா, நிர்ப்பந்தமா? அதுவும் ஒரு மாபெரும் அந்நியக் கம்பெனிக்கு!” என்பது மற்றோர் ஆட்சேபம். இதற்கு ஹழ்ரத் ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) அவர்களின் வரலாற்றைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. அவர்களும் அவர்களுடைய தந்தையாரும் புறப்பட்டு வருகையில் குறைஷிகளிடம் பிடிபட்டார்கள். மதீனாவுக்கே போகிறோம், முஹம்மதுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டே குறைஷிகள் அவர்களை விட்டார்கள். நபி (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொன்னபோது, அந்த வாக்கைக் காக்கும்படியே ஏவப்பட்டார்கள். எதிரிக்கு எதிராக உதவியை அல்லாஹ்விடம் தேடிக்கொள்வோம் என்றும் கூறப்பட்டது. ஆகவே அவர்கள் பத்ரில் கலந்துகொள்ளவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. வாக்கு வாங்கியவர்கள் போர் எதிரிகள், கொடுத்தவர்கள் பிடிபட்டவர்கள், ஆள் பலம் மிகவும் தேவைப்பட்ட நாள் அது. நமக்கோ எந்தக் குறைஷியும் வழியை மறிக்கவில்லை. விண்டோஸ் வேண்டாம் என்றால் வேறு வழி இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். படிக்காமல் அழுத்தினோம் என்பது ஓரளவு சாக்குத்தான். ஆனால் ஒரு முறை தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சாக்கும் போய்விடுகிறது. இக்கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் அன்பருக்கும் இப்போது போய்விட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்!

ஷரத்தை விதிப்பவரும் மனிதர்தாம், மாற்றிக்கொள்வார். 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது, விலை குறைந்த ஹோம் பேஸிக், ஹோம் பிரீமியம் பதிப்புகளை வெர்ச்சுவல் மெஷினில் ஓட்டக் கூடாது என்று லைசென்ஸில் எழுதியிருந்தார்கள். பிஸினஸ், அல்ட்டிமேட் பதிப்புகளுக்குத் தடையில்லை. சுமார் ஓராண்டு கழித்து, 2008 ஜனவரியில், அந்தத் தடையை அகற்றிவிட்டார்கள். இடைப்பட்ட ஓராண்டில் மீறியவருக்கு, பின்னால் வந்த அனுமதி முன்னால் செய்ததையும் சேர்த்துக் கழுவிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. வாடகை வீட்டில் அனுமதியின்றித் தட்டி வைத்தவர், மறு வருஷம் வீட்டுக்காரர் இசைந்தார் என்பதற்காக, சென்ற வருஷமும் இசைந்திருந்தார் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் மனமாரப் பொறுத்துக்கொண்டால் அது வேறு.

ஆப்பிள் கம்பெனியின் ஷரத்து சற்றுக் கடினமானது. ஏற்கெனவே மேக் ஓஎஸ் ஓடுகிற ஆப்பிள் கம்ப்யூட்டரில், மேற்கொண்டு இரண்டு பிரதிகள் வரை வெர்ச்சுவல் மெஷினில் ஓட்டலாம். அதுவும் மென்பொருள் தயாரிப்பு, சோதனை, சொந்த உபயோகம் முதலிய சில காரியங்களுக்கு மட்டும். சாதாரணப் பதிப்புக்கு இந்த இடம் 2011-ல் வெளிவந்த லயன் பதிப்பிலிருந்துதான் கிடைத்தது. ஆப்பிள் அல்லாத கம்ப்யூட்டரில் எந்த வழியிலும் கூடாது. அப்படிக் கம்ப்யூட்டர் செய்து விற்ற சைஸ்டார் என்ற கம்பெனியின் மீது ஆப்பிள் 2008-ல் வழக்குத் தொடுத்து 2009-ல் வென்றது. 2011-ல் மேல்முறையீட்டிலும் வென்றது. “என் வீட்டுக் கம்ப்யூட்டரின் முத்திரையைப் பற்றி அவருக்கு என்ன கவலை?” என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 2013 முதல் புதிய மேக் ஓஎஸ் பதிப்புகளுக்குத் தனி விலை வாங்குவதில்லை. அதன் கிரயம் கம்ப்யூட்டரின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மற்றொரு கம்பெனியின் கம்ப்யூட்டரை வாங்கியவர் அந்தக் கிரயத்தில் ஒரு காசும் கொடுக்கவில்லை. கொடுக்காத கிரயத்துக்குச் சரக்கைக் கேட்பது எந்த மத்ஹபில் உண்டு?

வேறு வழி என்று முன்னர்க் கூறினேன். லினக்ஸின் மூலக்கருவை லினஸ் டார்வால்ட்ஸ் 1991-ல் எழுதி வெளியிட்டார்; அடுத்த ஆண்டே அது ஜிபிஎல் என்ற லைசென்ஸின் கீழ் வந்தது. அந்த லைசென்ஸ் ஓட்டுவதற்கு எந்தக் கட்டுப்பாடும் வைப்பதில்லை. மூன்று வெர்ச்சுவல் மெஷின் என்ன, முந்நூறு வைத்தாலும் சரி. ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது போன்ற ஒரு கிணறு என்று இதைச் சொல்லலாம். ஆயினும் மாற்றி எழுதிப் பிறருக்குக் கொடுப்பவர் மூல வரிகளையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து அதற்கும் உண்டு. மகளின் நெட்வொர்க் பாடத்துக்கு லினக்ஸே போதும். விண்டோஸ்தான் வேண்டுமென்றால், சோதனைக்கென்று மைக்ரோஸாஃப்ட் கொடுக்கும் 90 நாள் எண்டர்பிரைஸ் பதிப்பு இருக்கிறது.

அந்த 90 நாளிலும் ஒரு பொறி உண்டு. வெர்ச்சுவல் மெஷினை ஏற்கெனவே இருந்த நிலைக்கே திருப்பிவிடுகிற ஸ்னாப்ஷாட் என்ற வசதி இருக்கிறது. அதைக்கொண்டு முதல் நாளுக்கே திரும்பத் திரும்பப் போய், தவணையை முடிவில்லாமல் நீட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவர்கள் வெள்ளியன்று வலையை விரித்து ஞாயிறன்று அள்ளினார்கள் என்று தஃப்ஸீர்களில் படிக்கிறோம். அவர்களும் சனிக்கிழமை கையை நீட்டவில்லைதான்.

இணையத்தில் மிக மலிவாக விற்கப்படும் விண்டோஸ் சாவி எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றில் பல, நிறுவனங்களுக்கென்று மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை. விற்கிறவருக்கே விற்கும் உரிமை இல்லாதபோது, ரசீது இருப்பதால் வாங்கியவர் சொந்தக்காரராகிவிட மாட்டார்.

இத்தனை காலமாக அந்த எக்ஸ்பியில் கணக்கெழுதிச் சம்பாதித்த பணம் என்ன ஆவது? வியாபாரியின் லாபம் அவருடைய சரக்குக்கும் உழைப்புக்கும் வந்தது. அது ஹராமாகிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் உரிமையாளருக்குரியது ஒரு கடனாக நிற்கிறது. எக்ஸ்பி இப்போது கடையில் கிடைப்பதில்லை. இன்றைய விண்டோஸ் ஒன்றை முறையாக வாங்கிக் கணக்கை அதற்கு மாற்றிக்கொள்வதே நேரான வழி. சற்றுச் செலவுதான். தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு இரண்டு நாளில் முடிக்கலாம்.

இதைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்கப் போகிறவர்கள், “கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் ஓட்டலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஓட்டலாம் என்றுதான் அவர் சொல்வார், அதில் குற்றமில்லை. லைசென்ஸ் கம்ப்யூட்டருடன் வந்ததா, தனியே வாங்கியதா, வேறெங்கும் அது ஏறியிருக்கிறதா என்பதைச் சொல்லிக் கேளுங்கள். காரியம் படிப்பா, கடையா என்பதையும் சொல்லுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படைப் பகுதி ஜிபிஎல்லின் கீழ் எல்லோருக்கும் பொது. அதனுடன் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற பகுதியோ சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். வியாபாரத்துக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். பகலில் தகப்பனார் கடைக் கணக்கு எழுதி, இரவில் மகள் பாடம் படிக்கும் ஒரே கம்ப்யூட்டரில், இரவில் ஆகுமானது பகலில் ஆகாததாக இருக்கும்.